மஞ்சள் மீன்களின் ஊருக்கு



எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்றடி நீள மீன்தொட்டி ஒன்று இருக்கின்றது. வருகின்ற ஆண்டு நடு விடுமுறையில் நாங்கள் மூவரும் ஆப்பிரிக்காவுக்குச் செல்லவிருப்பதற்கும், அதற்காக நான்கு மாதங்களாக நான் உறக்கம் கெட்டு வரைபடங்களையும் மருத்துவக் கட்டுரைகளையும் படித்துக்கொண்டிருப்பதற்கும் அந்தத் தொட்டியே காரணம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் பட்டணத்துக் கடையிலிருந்து ஆறு மஞ்சள் மீன்களை வாங்கி வந்தார். எலுமிச்சம்பழ மஞ்சள், முதுகுத் துடுப்பில் மட்டும் மை தீட்டியது போல் ஒரு கறுப்புக் கோடு. கடைக்காரர் சொன்ன பெயர் ‘எலெக்ட்ரிக் யெல்லோ’. சில மாதங்கள் கழித்து அவற்றுள் ஒன்று உணவைத் தொடாமல், தாடை வீங்கி, கல்லிடுக்கில் ஒதுங்கி நின்றது. நோய் மற்ற மீன்களுக்கும் தொற்றிவிடும், அதை எடுத்துவிடலாம் என்றேன். அப்போது ஆரம்பப்பள்ளியில் இருந்த என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு தடுத்தான். எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு வந்து அவன் சொன்னான்: அது நோயன்று, அது தாய். முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கின்றது. ஏறத்தாழ மூன்று வாரம் அது எதுவும் உண்ணாது.

அவன் சொன்னபடியே நடந்தது. ஒரு மாலை, அந்த மெலிந்த மீன் வாயைத் திறக்க, அரிசிமணி அளவில் குஞ்சுகள் வெளிவந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் கற்பித்துவரும் நான் தொட்டியின் முன்னே அமர்ந்து அழுதேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. மறுநாள் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு வரைபடம் ஒட்டப்பட்டது. மலாவி.

இந்தப் பெயரை ஆசிரியர் அறையில் சொன்னபோது, “மாலத்தீவா? நல்ல இடமாயிற்றே!” என்றார் ஒரு நண்பர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்கா என்றால் எனக்குமே கென்யாவும் தான்சானியாவும்தான் நினைவுக்கு வந்தன. தான்சானியா, ஜாம்பியா, மொசாம்பிக் ஆகிய மூன்றுக்கும் நடுவே, கடலே இல்லாமல், தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் மலாவியை நான் தேடித்தான் கண்டுபிடித்தேன். 1964-இல் விடுதலை பெற்ற நாடு. அதற்கு முன் நியாசாலாந்து. நம் தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றே சிறியது. அதன் கிழக்கு ஓரத்தின் பெரும்பகுதி மலாவி ஏரி. நீளம் ஏறத்தாழ 580 கிலோமீட்டர். ஜொகூர் பாருவில் புறப்பட்டு ஈப்போவைத் தாண்டும் சாலைத் தொலைவு. பரப்பு 29,600 சதுர கிலோமீட்டர். பேராக் மாநிலத்தையே உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆழம் 700 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது, மேட்டு நிலத்தில் இருக்கும் அந்த ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றது. வேறெந்த ஏரியிலும் இல்லாத அளவுக்கு அங்கே மீன் இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் மிகப் பலவும் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

சென்ற டிசம்பரில், ஜப்பான் செல்வதற்காக மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. “மலாவி” என்றான் மகன். யானை பார்க்க வேண்டும் என்ற ஆசையைப் பல காலமாக வைத்திருந்த கணவர் உடனே அவன் பக்கம் சாய்ந்தார். என் மாமியார் மட்டும், “யானை பார்க்கத் தைப்பிங் மிருகக்காட்சிசாலை போதாதா?” என்று கேட்டார். அந்த வினாவுக்கு இன்றுவரை எங்களிடம் நல்ல விடையில்லை.

திட்டமிடத் தொடங்கினோம். முதல் சிக்கல் காலம். ஆண்டிறுதி நீண்ட விடுமுறையில் அங்கே மழைக்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை; மண் சாலைகள் சேறாகிவிடும்; புல்லும் புதரும் வளர்ந்து விலங்குகளை மறைத்துவிடும். விலங்குகளைக் காணச் சிறந்தவை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்கள். நீர்நிலைகள் வற்ற வற்ற எல்லா உயிர்களும் ஆற்றங்கரைக்கு வந்துவிடுமாம். ஆனால், ஆசிரியை ஒருத்திக்குக் காலத்தைத் தேர்வு செய்யும் உரிமை ஏது? நமக்குக் கிடைப்பது ஆண்டின் நடுவில் வரும் இரண்டு வாரம்தான். மே இறுதியும் ஜூன் தொடக்கமும் அங்கே குளிர்காலத்தின் முன்பகுதி. மழை ஓய்ந்திருக்கும், காடு இன்னும் பச்சையாக இருக்கும், இரவில் கம்பளிச் சட்டை வேண்டும். ஏரியில் ‘ம்வேரா’ எனப்படும் தென்கிழக்குக் காற்று வீசும் பருவமும் அதுவே. சில நாட்களில் அலை எழுந்து படகு புறப்படாது. ஆகவே, ஏரிக்கரையில் இரண்டு நாள் போதும் என்ற முதல் திட்டத்தை நான்கு நாளாக மாற்றினேன்.

இரண்டாவது சிக்கலைக் கண்டுபிடித்தவன் மகன்தான். ஒரு நாள் முகம் வாடி வந்து நின்றான். அவனுடைய மஞ்சள் மீன் ஏரி முழுதும் வாழ்வதில்லையாம். அந்த ஏரியில் ஒரு பாறைக் கரைக்கும் அடுத்த பாறைக் கரைக்கும் இடையே மணற்பரப்போ ஆழ்நீரோ இருந்தால், பாறையை விட்டகலாத அச்சிறு மீன்களுக்கு அது கடக்க முடியாத பாலைவனம். எனவே, ஒவ்வொரு கரையிலும் தனித்தனி நிறம், தனித்தனி இனம். அவனுடைய மஞ்சள் மீனின் ஊர் வடமேற்குக் கரையில் நக்காட்டா பே என்னும் ஊருக்கு அப்பால் உள்ளது. நாங்கள் குறித்து வைத்திருந்த கேப் மெக்ளியர் முனையோ தெற்குக் கோடியில்!

வடக்கே போனால் தலைநகர் லிலோங்குவேயிலிருந்து செல்ல ஒரு முழு நாள், திரும்ப ஒரு முழு நாள். 1951 முதல் அந்த ஏரியின் ஊர்களை இணைத்து வந்த ‘இலாலா’ என்னும் பழங்கப்பலில் செல்லும் ஆசையும் இருந்தது. ஆனால், அடிக்கடி பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்படும் முதிய கப்பலை நம்பி, திங்கட்கிழமை காலை சபைகூடலுக்குத் திரும்பவேண்டிய ஓர் ஆசிரியை திட்டம் போட இயலாது. வடக்கைத் தேர்ந்தால் யானை இல்லை. தெற்கைத் தேர்ந்தால் மஞ்சள் மீன் இல்லை. மூன்று நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மகனே, “மஞ்சளைத்தான் தினமும் பார்க்கிறேனே அம்மா, அங்கே இருக்கிற நீலத்தைப் பார்ப்போம்” என்றான். பதின்மூன்று வயதில் அப்படி விட்டுக்கொடுக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே, கேப் மெக்ளியர். 1980-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 1984-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மலாவி ஏரி தேசியப் பூங்கா அங்கேதான் உள்ளது. நன்னீர் மீன்களைக் காப்பதற்கென்றே அமைந்த பூங்கா. தீவுகளைச் சுற்றியும் கரையோரமாகவும் 100 மீட்டர் வரையிலான நீர்ப்பரப்பு அதில் அடங்கும். பூங்காவுக்கு நடுவே செம்பே என்னும் மீனவக் கிராமம். வலைப்பின்னல் மேசைகளில் ‘உசிபா’ என்னும் சிறு மீனை வெயிலில் காயவைத்திருக்கும் படங்களைக் கண்டபோது, பங்கோர் தீவின் நெத்திலிக் கருவாடு நினைவுக்கு வந்தது. 1875-இல் ஸ்காட்லாந்துச் சமயத் தொண்டர்கள் அங்கே குடியேறினார்கள். காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து, 1881-இல் அவ்விடத்தைக் கைவிட்டு வடக்கே சென்றார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. அதைப் படித்த இரவே நான் பயண மருத்துவரிடம் நாள் குறித்தேன்.

மலேரியாவைப் பற்றி மருத்துவர் அமைதியாகவே பேசினார். தடுப்பு மாத்திரை இருக்கின்றது. போவதற்கு இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கி, அங்கே இருக்கும் பதினொரு நாளும் உண்டு, திரும்பிய பின் ஏழு நாள் தொடரவேண்டும். மூவருக்கும் சேர்த்து அறுபது மாத்திரை. மஞ்சள் காய்ச்சல் மலாவியில் இல்லை. ஆனால், கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் நாங்கள் மாறிச் செல்லும் அடிஸ் அபாபா அந்நோய் உள்ள நாட்டில் இருக்கின்றது. அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். விமானம் தாமதமானால் யார் பொறுப்பு? மூவரும் ஊசி போட்டுக்கொண்டோம்.

பிறகு மருத்துவர், “ஏரியில் இறங்குவீர்களா?” என்று கேட்டார். மகன் என்னை முந்திக்கொண்டு, “அதற்காகத்தான் போகிறோம்” என்றான். அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

பில்ஹார்சியா என்னும் நோயை நான் அதுவரை பெயரளவிலேயே அறிந்திருந்தேன். நன்னீரில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். வலியில்லை, பெரும்பாலும் அடையாளமும் இல்லை. உள்ளே வளர்ந்து, சிறுநீர்ப்பையை ஒட்டிய இரத்தக் குழாய்களில் குடியிருந்து முட்டையிடும். அம்முட்டைகள் சிறுநீர் வழியே மீண்டும் நீருக்குப் போனால் அடுத்த நத்தை, அடுத்த மனிதர். 1992-இல் கேப் மெக்ளியரில் நீந்திய இரு அமெரிக்கத் தன்னார்வத் தொண்டர்களுக்கு அது நரம்பு மண்டலத்தையே தாக்கியிருக்கின்றது. “இறங்காமல் இருப்பதே முழுப் பாதுகாப்பு. மற்றவை எல்லாம் அபாயத்தைக் குறைப்பவை மட்டுமே” என்றார் மருத்துவர். வீடு திரும்பும் வழியில் மகன் மகிழுந்தின் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றிரவு பயணத்தையே நிறுத்திவிடலாம் என்றேன். கணவர் மறுத்தார், ஏரியைப் படகிலிருந்து பார்க்கலாமே என்றார். ஆறு மீன்களுக்காக நான்கு ஆண்டு நீர் மாற்றிய பிள்ளையிடம், உன் மீன்களின் ஊருக்குக் கூட்டிப்போகிறேன், மேலிருந்து எட்டிப் பார் என்று எப்படிச் சொல்வது? வகுப்பறையில் “வருமுன் காப்போம்” என்று முழங்கும் நான், என் வீட்டில் அதைச் சொல்லத் தயங்கினேன். இந்தத் தயக்கத்தோடு படித்தபோதுதான், நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது.

கேப் மெக்ளியரின் திறந்த மணற்கரைகளில் இந்த நோய் முன்பு இவ்வளவு இல்லை. 1980-களின் நடுப்பகுதியிலிருந்துதான் பெருகியிருக்கின்றது. அதற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள் மீன்களிடம் போய் நின்றார்கள். அந்த ஏரியின் சிக்லிட் மீன்களில் சில நத்தையையே உணவாகக் கொண்டவை. ஓட்டை நொறுக்குவதற்கென்றே தொண்டையில் வலிய பற்கள் அமைந்தவை. மக்கள் பெருக, கரையோரத்தில் நுண்கண் வலைகளும், சில இடங்களில் கொசுவலைகளும்கூட மீன்பிடிக்கப் பயன்பட, அந்த மீன்கள் குறைந்தன. மீன் குறைந்ததால் நத்தை பெருகியது. நத்தை பெருகியதால் நோய் பெருகியது என்பது அவர்களுடைய முடிவு. மலேரியாவைத் தடுக்கக் கொடுத்த வலை, இன்னொரு நோய்க்கு வழி திறந்திருக்கின்றது! உணவுச் சங்கிலி என்றதும் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அதில் ஒரு முறைகூட மனிதனை நான் வரைந்ததில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. செம்பே கிராமத்துப் பிள்ளைகள் அந்த நீரில்தான் நாள்தோறும் குளிக்கின்றனர், பாத்திரம் கழுவுகின்றனர், தண்ணீர் மொள்கின்றனர். அந்நாட்டுப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பிராசிகுவாண்டல் என்னும் மாத்திரை வழங்கப்படுகின்றது. நோய் தீரும், மறுபடி நீரில் இறங்க, மறுபடி வரும். பயணம் முடிந்ததும் இரத்தப் பரிசோதனைக்குப் போக என் மகனுக்கு மருத்துவமனை இருக்கின்றது. அவ்வூரில் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வசதி எந்தத் தாய்க்கும் இல்லை. இதை எண்ணியதால் என் அச்சம் குறையவில்லை. ஆனால், அந்த ஏரியை ஏதோ ஏமாற்றிய உல்லாசத் தலம் போலப் பழித்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

முடிவாக ஓர் ஒப்பந்தம் எழுதினோம். கிராமத்துக் கரையிலும் நாணல் வளர்ந்த இடங்களிலும் கால்கூட நனைப்பதில்லை. காற்று அடங்கிய ஒரு நாளில், படகில் தீவொன்றின் பாறைப் பக்கம் போய், ஒரே ஒரு முறை, அரை மணி நேரத்துக்கு மிகாமல் நீரில் இறங்குவது. ஏறியதும் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொள்வது. மாத்திரையை உடனே உண்டு பயனில்லை, அது முதிர்ந்த புழுக்களையே கொல்லும் என்பதால், மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொற்படி நடப்பது. பெற்றோர் சிலர் இதைப் படித்துவிட்டு என்னைக் கடிந்துகொள்ளக்கூடும். அவர்களோடு வாதிட மாட்டேன்; பாதி இரவு நானும் அவர்கள் பக்கம்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். லிலோங்குவேயில் ஓர் இரவு, ஏரிக்கரையில் நான்கு, லிவோண்டே தேசியப் பூங்காவில் மூன்று, தியோலோ தேயிலைத் தோட்டத்தில் ஒன்று, பிளான்டயரில் ஒன்று, அங்கிருந்தே விமானம். சாலையில் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்டுகின்றனர். மின்செருகிகூட நம் வீட்டு மூன்று முனைச் செருகியே. இருந்தும் நாங்களே வண்டி ஓட்டப்போவதில்லை. 2022 முதல் அந்நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு பலமுறை ஏற்பட்டிருக்கின்றது. எந்த நிலையத்தில் எப்போது எண்ணெய் வரும் என்பதை அறிந்த உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்தியிருக்கின்றோம். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை; பயணச்சீட்டு வாங்கும் முன் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் அகப்பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. உணவைப் பற்றி மாமியாருக்கு இருந்த கவலை, ‘ந்சிமா’ என்பது மக்காச்சோள மாவுக் களிதான் என்று சொன்னதும் தீர்ந்தது. தேயிலைத் தோட்டம் என் விருப்பம். பால்மரம் வெட்டியவரின் மகள் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் தோட்டத்து லயத்தைப் பார்க்காமல் வந்தால் அப்பாவின் ஆவி மன்னிக்காது.

லிவோண்டேயைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்லவேண்டும். ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறான ஷிரே அந்தப் பூங்காவின் ஊடாகப் பாய்கின்றது. நீர்யானையும் முதலையும் நிறைந்த ஆறு. வேட்டையாலும் கம்பிக் கண்ணிகளாலும் சீரழிந்திருந்த பூங்காவை 2015-இல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்னும் அமைப்பு அரசோடு சேர்ந்து ஏற்றது, வேலி அமைத்தது. 2017-இல் சிறுத்தைப் புலிகளின் உறவான சீட்டாக்கள் கொண்டுவரப்பட்டன, 2018-இல் சிங்கங்கள், 2019-இல் பதினேழு கறுப்புக் காண்டாமிருகங்கள். யானைகளோ இடங்கொள்ளாத அளவு பெருகிவிட்டன. 2016, 2017 ஆண்டுகளில் லிவோண்டேயிலிருந்தும் மஜேட்டேயிலிருந்தும் ஏறத்தாழ 500 யானைகளை நக்கோட்டக்கோட்டா காட்டுக்கு மாற்றினார்கள்.

கணவர் இதையெல்லாம் வியந்து வியந்து படித்தார். நான் அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொன்னேன். 2022-இல் லிவோண்டேயிலிருந்து 263 யானைகள் கசுங்கு பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே வேலி முழுமையாக இல்லை. யானைகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் புகுந்து பயிரை அழித்தன, உயிர்களும் பலியாயின. நான் பிறந்த தோட்டத்தில் ஒரு முறை இரவில் யானைக்கூட்டம் இறங்கியது. எங்கள் வாழைத்தோப்பு காலையில் இல்லை. அம்மா தகரத்தைத் தட்டிக்கொண்டே அழுதது நினைவிருக்கின்றது. யானை அழகு என்று அன்று எங்கள் லயத்தில் யாரும் சொல்லவில்லை. கணவர் நகரத்தில் வளர்ந்தவர், வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ போக வேண்டாமா?” என்று கேட்டார். போவோம் என்றேன். பூங்காவில் நாம் கட்டும் கட்டணத்தில் அந்த வேலியும் நிற்கின்றது. ஆனால், நம் ஓட்டுநரிடமும் வழிகாட்டியிடமும் வேலிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் கேட்போம். சிச்சேவா மொழியில் “முலி ப்வாஞ்சி?” என்றால் “நலமா?”, “சிகோமோ” என்றால் “நன்றி”. இவ்விரண்டையும் மூவரும் மனப்பாடம் செய்துவிட்டோம்.

இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பயணத் தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. அதன் அடியில் செப்டம்பர் முதல் வாரத்தை மகன் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இரத்தப் பரிசோதனை, மூவருக்கும்’ என்று எழுதியிருக்கின்றான். எனக்கு நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டை என் அளவுக்குக் கிடைக்குமா என்று படகுக்காரரிடம் கேட்டு எழுதியிருக்கின்றேன்.

நாங்கள் இல்லாத நாட்களில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாமியாருடையது. நேற்று மாலை பேரன் அவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் கூடாது என்று.

“அந்த மூலையில ஒண்ணு வாயைத் தொறக்காம நிக்குதே, அதுக்கு என்னய்யா குடுக்கிறது?” என்று கேட்டார் அவர்.

“ஒண்ணும் வேணாம் பாட்டி. அது சாப்பிடாது. சும்மா பார்த்துக்கிட்டா போதும்.”